கோயில் மண்டபத்தில் யோகா: எல்லாரும் வரவேண்டும் என்றால் எதை மாற்றுவது, எதை விடக்கூடாது?

உம்கேனி_கலா:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, பீனிக்ஸ் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் யோகா சொல்லிக்கொடுக்கிறேன். கட்டணம் கிடையாது, விருப்பப்பட்டவர்கள் உண்டியலில் போடலாம். வருகிறவர்கள் நம் ஆட்கள்தான். ஐம்பதைத் தாண்டிய அக்காமார், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சில அண்ணாமார். சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி, இதில் ஒன்றாவது இல்லாதவர் எங்கள் வகுப்பில் இல்லை.

ஜூன் 21 யோகா நாளுக்கு எல்லாரையும் அழைத்து ஒரு வகுப்பு வைத்தோம். இனாண்டா, குவாமாஷு பக்கமிருந்து ஜூலு பெண்கள் சிலரும் வந்தார்கள். பாதிப்பேர் நம் வீடுகளில் வேலை செய்பவர்கள், ஒருவர் கிளினிக்கில் துப்புரவு வேலை பார்க்கிறார், ஒரு பாட்டி ரோட்டோரம் சோளம் சுட்டு விற்பவர். அந்தப் பாட்டி மூச்சுப் பயிற்சி முடிந்ததும் இன்னொரு தடவை செய்யலாமா என்று கேட்டுச் செய்தார். அடுத்த வாரம் வருகிறோம் என்று சொல்லித்தான் எல்லாரும் போனார்கள். வந்தவர்கள் இரண்டு பேர். அதற்கடுத்த வாரம் ஒருவருமில்லை.

இப்போது கமிட்டியில் இரண்டு கட்சி. ஓம், குரு வந்தனம், ஆசனங்களின் சமஸ்கிருதப் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் உடற்பயிற்சி என்று சொன்னால் கூட்டம் வரும் என்கிறார்கள் சிலர். கோயில் மண்டபத்தில் ஓம் சொல்லாமல் என்ன யோகா என்று கேட்கிறார்கள் மற்றவர்கள். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. யோகத்தின் எட்டு அங்கத்தில் முதல் அங்கம் இயமம், அதில் முதலில் நிற்பது அகிம்சை. பக்கத்து ஊர்ப் பெண் உள்ளே வரத் தயங்கி வெளியே நிற்கும்போது, நாம் உள்ளே பாயில் உட்கார்ந்து அகிம்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது.

யாராவது இப்படி ஒரு வகுப்பை நடத்தியிருந்தால் சொல்லுங்கள். ஓம் விஷயம், செருப்பு, நேரம், மொழி, எதுவானாலும் சரி.

சாட்ஸ்வர்த்_வாத்தியார்:

கலா அம்மா, ஓமை எடுக்காதீர்கள். இதை நான் பிடிவாதத்தில் சொல்லவில்லை. 1860 இலிருந்து கப்பல்களில் வந்து கரும்புத் தோட்டத்து லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள், தகரக் கொட்டகையில் சாமி படம் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தது இது. அப்புறம் 1950 இல் வந்த, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் கேட்டோ மேனரிலிருந்து நம்மைக் கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோதும் கையோடு கொண்டுவந்தோம். இன்றைக்குப் பணக்காரப் பகுதிகளில் இதே பயிற்சிக்கு வெல்னஸ் என்று பெயர் வைத்து, பதஞ்சலி பெயரோ திருமூலர் பெயரோ ஒரு தடவைகூடச் சொல்லாமல் விற்கிறார்கள். நம் மண்டபத்திலும் அதையே செய்தால் நம் பேரப்பிள்ளைகளுக்கு இது எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும்.

ஆனால் ஓம் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்றும் வைக்கக்கூடாது. முதலில் ஒரு நிமிடம் எடுத்து, நாங்கள் இப்படித் தொடங்குவது வழக்கம், சேர்ந்து சொல்கிறவர்கள் சொல்லலாம், மற்றவர்கள் மூச்சைக் கவனித்துக்கொண்டு அமைதியாக இருக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். அவ்வளவு போதும். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தான். அதே நூலில்தான், கோயிலில் இருக்கும் கடவுளுக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலான மனிதருக்குப் போய்ச் சேராது, மனிதருக்குக் கொடுப்பது கடவுளுக்குப் போய்ச் சேரும் என்றும் திருமூலர் சொல்கிறார். இரண்டையும் ஒரே ஆள்தான் சொன்னார் என்று உங்கள் கமிட்டியில் எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இது புதுசாக நாம் தொடங்கும் வேலை இல்லை. சிவானந்தர் நம் பத்தமடைக்காரர், மலாயாவில் டாக்டராக வேலை பார்த்துவிட்டு ரிஷிகேஷ் போனவர். அவரைக் குருவாகக் கொண்ட சுவாமி சகஜானந்தர் 1949 இல் டர்பனில் தொடங்கிய டிவைன் லைஃப் சொசைட்டி, பஜனையோடும் ஆசனத்தோடும் நிற்காமல் குவாசூலு நட்டால் கிராமங்களில் ஜூலு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் கட்டிக் கொடுத்தது. படிக்க வந்த பிள்ளைகளிடம் நீ என்ன மதம் என்று கேட்டுக் கட்டியதில்லை.

வெரூலம்_மேரி:

நாங்கள் தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவச் சபைக்குப் போய்விட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் இன்னும் ரசமும் தோசையும்தான், ஆனால் யோகா என்றால் எங்கள் போதகர் முகம் மாறும். என் அக்காவுக்கு முதுகுவலி, டாக்டரே யோகா செய்யச் சொல்லியிருக்கிறார், ஆனாலும் தயங்குகிறாள்.

வாத்தியார் ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்குச் சரியாகப் படுகிறது. மறைக்காதீர்கள். வெறும் உடற்பயிற்சி என்று கூட்டிவந்து பாதியில் மந்திரம் வந்தால் என் அக்கா ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பாள், திரும்பி வரவே மாட்டாள். முதலிலேயே சொன்னால், ஓம் சொல்லும் நேரத்தில் அவள் மனசுக்குள் ஒரு பைபிள் சங்கீதம் சொல்லிக்கொள்வாள். அதை யாரும் கண்டுகொள்ளாமல் இருந்தால் சரி.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் எங்களுக்குப் பெரிசு. பாய்களைக் கருவறையைப் பார்த்துப் போடாதீர்கள். பக்கத்துச் சுவரைப் பார்த்துப் போட்டால் குனியும்போது யாருக்குக் கும்பிடுகிறோம் என்ற குழப்பம் வராது. பிரசாதத்தையும் ஒவ்வொருவர் கையிலும் வைத்துக் கொடுக்காமல் மேசையில் வையுங்கள், பக்கத்திலேயே டீயும் பிஸ்கட்டும் இருக்கட்டும். எடுக்காதவரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவேண்டாம்.

லெனேசியா_பிசியோ:

நான் ஜோகன்னஸ்பர்க் பக்கம் பிசியோதெரபிஸ்ட். உடம்பு பக்கமிருந்து கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாருக்கும் என்று போர்டு வைத்துவிட்டு இளம்பிள்ளைகளால் மட்டும் செய்ய முடிகிற ஆசனங்களைச் சொல்லிக்கொடுக்கும் இடங்களை நிறையப் பார்க்கிறேன்.

முதலில் நாற்காலி. கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலிகளை முன்வரிசையிலேயே போடுங்கள். பின்னால் மூலையில் போட்டால் முடியாதவர்களுக்கான இடம் என்று ஆகிவிடும், யாரும் உட்கார மாட்டார்கள். பி.கே.எஸ். ஐயங்கார் நாற்காலி, பெல்ட், மரக்கட்டை, சுவரில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார், உலகம் முழுக்க அவர் மாணவர்கள் இன்னமும் அப்படித்தான் செய்கிறார்கள். நாற்காலியில் செய்வது குறைந்த யோகா என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

வீட்டு வேலை செய்யும் பெண்கள் வாரம் முழுக்கத் தரையில் முட்டிபோட்டுத் துடைத்துவிட்டு வருகிறார்கள். அவர்களை வந்ததும் வஜ்ராசனத்தில் உட்காரச் சொல்வது கொடுமை. படுத்த நிலையில் தொடங்குங்கள். முட்டி போட்டே ஆகவேண்டிய இடத்தில் கம்பளியை நான்காக மடித்து முட்டிக்குக் கீழே வையுங்கள். முட்டி மாற்று அறுவை செய்தவர்களைச் சம்மணம் போடச் சொல்லவே வேண்டாம்.

பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களும் க்ளாகோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களும் தலை கீழே போகும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். மூச்சை அடக்குவதும், கபாலபாதி மாதிரி வேகமான மூச்சும் பிரஷர் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். இழுப்பதைவிட விடுவது கொஞ்சம் நீளமாக, மெதுவான மூச்சு, இது பெரும்பாலும் எல்லாருக்கும் ஒத்துவரும். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டோ மாத்திரை போட்டுக்கொண்டோ வெறும் வயிற்றில் வருகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கலாம். கை நடுங்கினால், திடீரென்று வியர்த்தால் உடனே கொடுக்க ஜூஸோ சர்க்கரையோ மண்டபத்தில் இருக்க வேண்டும். யோகா செய்தால் மாத்திரையை நிறுத்தலாம் என்று வகுப்பில் யாரும் பேசக்கூடாது, நீங்களே அதைத் தடுக்க வேண்டும்.

உங்கள் மாகாணத்தில் காசநோய் அதிகம், மூச்சுப் பயிற்சியின்போது குளிராக இருந்தாலும் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். யாருக்கு என்ன நோய் என்பதை எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். ஒருவர் எச்ஐவிக்கு மருந்து சாப்பிடலாம், அது அவர் சொந்த விஷயம். தனியாக, விரும்பினால் சொல்லலாம் என்று இருக்கட்டும்.

அப்புறம் சவாசனம். லைட்டை அணைத்துக் கண்ணை மூடச் சொல்கிறோம். எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு பெண் கண்ணை மூடவே மாட்டார். பாயைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கதவு தெரிகிற மாதிரி ஒருக்களித்துப் படுத்திருப்பார், யாராவது பின்பக்கம் நடந்தால் தோள் இறுகிவிடும். வீட்டில் அடிவாங்கிய பெண்கள் நம் நாட்டில் எத்தனை பேர் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை, அவர்களில் இந்தியரும் உண்டு, ஆப்பிரிக்கரும் உண்டு. ஒரு லைட்டாவது எரியட்டும், கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம் என்று சொல்லுங்கள். திருத்துவதற்குக்கூடக் கேட்காமல் தொடாதீர்கள்.

ரெட்ஹில்_குமார்:

நான் வேறு மாதிரி யோசிக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்டபத்துக்குக் கரண்ட் பில், தண்ணீர் பில் எல்லாம் கோயில் உறுப்பினர்கள் கொடுக்கும் சந்தாவிலிருந்து போகிறது. நம் பிள்ளைகளே கோயிலுக்கு வருவதில்லை, தமிழ் வகுப்புக்கு ஆள் இல்லை. முதலில் அவர்களைக் கூட்டி வரவேண்டும் இல்லையா? 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வயசான உறுப்பினர்கள் பயந்துபோய் இருக்கிறார்கள். வாசலைத் திறந்துவிட்டு ஏதாவது நடந்தால் கமிட்டிதான் பதில் சொல்ல வேண்டும்.

இனாண்டா_தேவி:

குமார் அண்ணா, 2021 பற்றி நீங்கள் எடுத்ததால் நானும் பேசுகிறேன். நான் இனாண்டாவில் சமூகப் பணியில் இருக்கிறேன். அந்த ஜூலையில் பீனிக்ஸ் பக்கம் கொல்லப்பட்டவர்கள் 36 பேர் என்று அரசு கணக்குச் சொன்னது, பெரும்பாலும் ஆப்பிரிக்க மக்கள். நம் அக்காமாருக்குப் பயம் இருப்பது உண்மை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பயம் இருக்கிறது, அவர்கள் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. கலா அக்கா வகுப்புக்கு அன்றைக்கு வந்த பெண்கள் அந்தப் பயத்தைத் தாண்டித்தான் பீனிக்ஸ் தெருவுக்குள் நடந்து வந்தார்கள். அதற்கு எவ்வளவு மனத்தைரியம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

கமிட்டி ஓம் பற்றி விவாதிப்பதற்கு முன்னால் கேட்டுக்குப் போய் நிற்க வேண்டும். வேறொரு கோயில் மண்டபத்தில் நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கேட்டில் செக்யூரிட்டி, கையில் நோட்டு. நம் பெண்கள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். பின்னால் சுருட்டிய பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு ஜூலு பாட்டி வருகிறார். அவரை நிறுத்தி, பெயர், போன் நம்பர், வீடு எங்கே, யார் வரச்சொன்னது என்று கேட்டு எழுதச் சொல்கிறார்கள். பாட்டிக்கு எழுத நேரமாகிறது. பாய் நழுவுகிறது, பேனாவைக் கீழே வைத்துப் பாயைத் தூக்குகிறார், மறுபடி பேனாவை எடுக்கிறார். அதற்குள் உள்ளே வகுப்பு தொடங்கிவிட்டது. இத்தனைக்கும் அந்தச் செக்யூரிட்டியும் ஜூலுதான், அவருக்கு அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டி அடுத்த வாரம் ஏன் வரவில்லை என்று கமிட்டியில் யாருக்கும் புரியவில்லை. நோட்டு வைப்பதானால் எல்லாரும் எழுதட்டும், தலைவரும் எழுதட்டும். இல்லையென்றால் நோட்டே வேண்டாம்.

அடுத்தது சனிக்கிழமை. இனாண்டாவில் ஷெம்பே என்ற ஜூலு கிறிஸ்தவச் சபைக்காரர்கள் நிறைய, அவர்களுக்குச் சனிக்கிழமைதான் ஓய்வு நாள். அன்றைக்கு வெள்ளை உடுத்திக் கும்பிடப் போய்விடுவார்கள். கலா அக்கா, நீங்கள் செருப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஷெம்பே சபையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்துதான் வழிபடுவார்கள், அதனால் அவர்களுக்கு அது புதுசே இல்லை. நேரம்தான் இடிக்கிறது. வியாழன் மத்தியானமும் வேண்டாம், சபைப் பெண்களின் மன்யானோ ஜெபக் கூட்டம் அன்றைக்குத்தான். ஞாயிறு காலை மற்ற எல்லாச் சபைக்கும் போய்விடும். ஞாயிறு மத்தியானம் மூன்று மணி பாருங்கள், இருட்டுவதற்குள் மினிபஸ் டாக்சி பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம்.

பணம். வகுப்பு இலவசம், ஆனால் வந்துபோவது இலவசம் இல்லை. இனாண்டாவின் உள்பகுதியிலிருந்து வந்தால் ஒரு டாக்சி மாறி இன்னொரு டாக்சி, திரும்பவும் அப்படியே. 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆனது, அதுவும் முழுசாகக் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். பணக்காரப் பகுதியான உம்ஷ்லாங்கா பக்கம் 120 ராண்ட் வாங்கும் ஒரு யோகா வகுப்பு அந்தப் பெண்ணுக்கு ஏறக்குறைய நாலு மணி நேர உழைப்பு. உண்டியலை வாசலில் வைக்காதீர்கள், போடாதவர் கூசிப்போவார். உண்டியலில் விழுவதை டாக்சிக் காசுக்குக் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். இல்லையென்றால் மாதத்தில் இரண்டு வகுப்பை நீங்களே அந்தப் பக்கம் போய் நடத்துங்கள், சபைக் கூடமோ பள்ளிக்கூடமோ கேட்டுப் பார்க்கலாம். எப்போதும் அவர்கள்தான் நம்மிடம் வரவேண்டும் என்று ஏன் இருக்க வேண்டும்?

குமார் அண்ணா, நம் பிள்ளைகளைப் பற்றிய உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் இது இரண்டும் மோதுகிற விஷயம் இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சிநேகிதர்கள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். சிநேகிதியைக் கூட்டி வரமுடியாத இடத்துக்கு அந்தப் பிள்ளைகளும் வர விரும்புவதில்லை.

சாட்ஸ்வர்த்_வாத்தியார்:

தேவி மகளே, நன்றாகச் சொன்னாய். சனிக்கிழமையை மாற்றினால் மரபு போய்விடும் என்று கமிட்டியில் கட்டாயம் ஒருவர் எழுந்து நிற்பார், அதனால் கலா அம்மாவுக்கு ஒரு பதில் தருகிறேன். ஈசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் பெரிய திருவிழா ஈஸ்டர் நேரத்தில் நடக்கிறதே, ஏன்? தோட்டத்தில் கூலிகளுக்கு அந்த நாட்களில்தான் லீவு கிடைத்தது. தாயைக் கும்பிட வெள்ளைக்காரன் கொடுத்த லீவு நாளை நம் பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள், யாரும் அதை மரபு மீறல் என்று சொல்லவில்லை. இன்றைக்கு அந்தத் திருவிழாவில் பாருங்கள், வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் இந்தியர்களா? கோழியும் தேங்காயும் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் நிற்கிறார்கள். அக்கம்பக்கத்துக்காரருக்காக யோகா வகுப்பை ஒரு நாள் தள்ளி வைப்பதில் ஒரு குறையும் இல்லை.

குமார் தம்பி, தமிழ் வகுப்புக்கு ஆள் சேர்க்க நானும் உன்னோடு வருகிறேன், அது தனியாகச் செய்ய வேண்டிய வேலை. புரட்டாசியில் மட்டும் மண்டபம் பூசைக்கு வேண்டியிருக்கும், அந்த மாதம் தேவி சொன்னபடி வகுப்பை அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுங்கள்.

ரெட்ஹில்_குமார்:

கேட் விஷயம் நான் யோசிக்காத ஒன்று. எங்கள் கோயிலிலும் நோட்டு இருக்கிறது, யார் எழுதுகிறார்கள் என்று இந்த வாரம் போய்ப் பார்க்கிறேன். பில் விஷயம் இன்னும் பேச வேண்டியதுதான், உறுப்பினர் கூட்டத்தில் வெளிப்படையாக வைத்துவிட்டால் பிரச்சினை குறையும். வாத்தியார் ஐயா, தமிழ் வகுப்புக்கு வருகிறேன் என்றீர்கள், பிடித்துக்கொள்கிறேன்.

உம்கேனி_கலா:

எல்லாருக்கும் நன்றி. கமிட்டிக்கு நான் கொண்டுபோவது இதுதான்: ஞாயிறு மூன்று மணி. நோட்டில் எல்லாரும் எழுதுவது, இல்லையென்றால் யாரும் எழுதவேண்டாம். ஓம் இருக்கும், கட்டாயம் இல்லை, முன்னாலேயே சொல்லப்படும். பாய்கள் பக்கத்துச் சுவரைப் பார்த்து, நாற்காலிகள் முன்வரிசையில். உண்டியல் உள்ளே டீ மேசைக்குப் பக்கத்தில் போகும். டாக்சிக் காசு பற்றி எதிர்ப்பு வரும், ஆனாலும் கேட்கப் போகிறேன்.

மொழி பற்றி யாரும் சொல்லவில்லை, நானே ஒன்று யோசித்தேன். கிளினிக்கில் வேலை செய்யும் அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலமும் ஜூலுவும் சரளம். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர் ஜூலுவில் சொல்வதாக முதலில் வைத்துக்கொள்ளலாம். அவருக்கு விருப்பம் இருந்தால் ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பி, அப்புறம் இனாண்டா வகுப்பை அவரே நடத்தட்டும், என் உதவியாளராக வேண்டாம், ஆசிரியராகவே. பயிற்சிச் செலவுக்கு யாரிடம் கேட்பது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

பிசியோ தம்பி, ஒரு சந்தேகம். சர்க்கரையால் கால் மரத்துப்போன இரண்டு அக்காமார் இருக்கிறார்கள். சிமெண்ட் தரை, குளிர்காலம். மண்டபத்தில் செருப்புப் போடக்கூடாது என்பது கோயில் விதி. என்ன செய்வது?

லெனேசியா_பிசியோ:

கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது அக்கா, குத்தினாலும் சுட்டாலும் தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். தடித்த துணிச் செருப்பு ஒரு ஜோடி மண்டபத்துக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளட்டும், அடிப்பக்கம் ரப்பர் வைத்தது, வெளியே போட்டு நடக்காதது. வீட்டுக்குள் போடுகிற சுத்தமான செருப்பு என்று கமிட்டியில் விளக்கினால் ஒத்துக்கொள்வார்கள். வெறும் சாக்ஸ் வேண்டாம், சிமெண்டில் வழுக்கும். வகுப்பு முடிந்ததும் இரண்டு பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், குனிய முடியாதவருக்குப் பக்கத்துப் பாய்க்காரர் பார்த்துச் சொல்லலாம்.